லூமுட் தந்த இரண்டு மந்திரி புசார்கள்

லூமுட் படகுத்துறையிலிருந்து கடலைக் கடந்தால் பங்கோர் தீவு. பேராக்கின் அரியணை யாருக்கு என்ற தகராறு அந்தத் தீவருகே நின்ற ஆங்கிலேயக் கப்பலில்தான் 1874 ஜனவரி 20ஆம் நாள் தீர்க்கப்பட்டது. ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார், இஸ்மாயில் ஒதுக்கப்பட்டார். லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் வட்டாரம் பிரிட்டிஷார் வசம் போய், 1935இல்தான் பேராக்கிடம் திரும்பியது. அன்று குடிமக்களை யாரும் கேட்கவில்லை. ஓட்டுரிமை இல்லாத காலம் அது.

135 ஆண்டுகள் கழித்து, ஓட்டுரிமை வந்த பிறகும் அதே கேள்வி எழுந்தது: பேராக்கை ஆள உரியவர் யார்? இம்முறை மோதிய இருவருமே லூமுட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய சட்டமன்றத் தொகுதிகளின் பிரதிநிதிகள்.

இண்ட்ராப் பேரணிக்குச் சில மாதங்களுக்குப் பின், 2008 மார்ச் 8ஆம் நாள் தேர்தல் நடந்தது. பாசிர் பஞ்சாங்கில் பாஸ் கட்சியின் முகமது நிஸார் ஜமாலுடினும் பங்கோரில் அம்னோவின் சாம்ரி அப்துல் காடிரும் வென்றனர். சட்டமன்றத்தின் 59 இடங்களில் ஜசெக 18, கெஅடிலான் 7, பாஸ் 6 என எதிர்க்கட்சிக் கூட்டணி 31 இடங்களைப் பிடித்தது. தேசிய முன்னணிக்கு 28. நிஸார் மந்திரி புசாரானார். துரோனோ உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகரானார். ஒரு தமிழர் அந்த நாற்காலியில் அமர்ந்ததில் சமுதாயத்துக்குப் பெருமை.

அந்த ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2009 பிப்ரவரியில் பெஹ்ராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் உறுப்பினர்கள் மூவர் கூட்டணியை விட்டு விலகி, தேசிய முன்னணியை ஆதரித்தனர். கணக்கு தலைகீழானது. சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தலாம் என்று நிஸார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா அதற்கு இணங்கவில்லை. பிப்ரவரி 6ஆம் நாள் சாம்ரி பதவியேற்றார்.

மார்ச் 3ஆம் நாள், கட்டடத்துக்குள் விடப்படாத சிவகுமார் ஈப்போவில் ஒரு மரத்தடியிலேயே சட்டமன்றக் கூட்டத்தை நடத்தினார். மே 7ஆம் நாள் அவையிலிருந்து அவர் இழுத்துச் செல்லப்பட்டார். அவருக்குப் பதிலாக மஇகாவின் ஆர். கணேசன் அமர்த்தப்பட்டார். ஒரே நாற்காலிக்கு இரண்டு தமிழர்கள்!

வழக்கு நீதிமன்றம் போனது. மே 11ஆம் நாள் உயர்நீதிமன்றம் நிஸாரே மந்திரி புசார் என்றது. மே 22ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் சாம்ரியே உரியவர் என்று உறுதி செய்தது. பெரும்பான்மை போய்விட்டதா என்பதை அவையில் வாக்கெடுப்பு நடத்தித்தான் அறிய வேண்டும் என்பதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1966இல் சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில் அவையின் வாக்கெடுப்பே அளவுகோல் எனக் கூறப்பட்டிருந்தது.

சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. ஆனால் ஓட்டுப் போட்டவர்களின் கேள்வி அப்படியே நின்றது. ஒரு கட்சியின் சின்னத்தைப் பார்த்துக் கொடுத்த ஓட்டை, வென்றவர் மறுபக்கம் தூக்கிக்கொண்டு போகலாமா?

இதற்கு நாடாளுமன்றம் பதில் சொல்ல 13 ஆண்டுகள் ஆயின. 2022 ஜூலை 28ஆம் நாள் மக்களவை கட்சித்தாவல் தடைக்கான அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அக்டோபரில் அது நடப்புக்கு வந்தது. கட்சி மாறும் நாடாளுமன்ற உறுப்பினர் இனி இடத்தை இழப்பார்; தொகுதி மக்களிடம் மீண்டும் ஓட்டுக் கேட்கப்படும்.

பேராக்கின் வாக்காளர்கள் 2009இல் கேட்டதும் அதைத்தான். நிஸாரா, சாம்ரியா என்பதை எங்களிடமே கேளுங்கள் என்றார்கள். 2013 வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.