மூர்மார்க்கெட்டும் புகாராவின் மூன்று திர்ஹமும்

பட்டாபிராமில் ஏறும் நம் பிள்ளைகள் சென்னை செல்லும் மின்தொடர் வண்டிகளின் பலகையில் 'மூர்மார்க்கெட் வளாகம்' என்ற பெயரை நாள்தோறும் காண்கின்றனர். அவ்விடத்தில் மெய்யாகவே ஓர் அங்காடி இருந்தது என்பதை அவர்களில் பலர் அறியார். 1900இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடத்தில் பழைய நூல்களுக்கென்றே கடைகள் இருந்தன. 1985 மே 30 அன்று தீ அதை விழுங்கியது. வணிகர் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். அங்காடி இருந்த நிலத்தில் இரயில் நிலையம் எழுந்தது. பெயர் மட்டும் எஞ்சிற்று.

பழைய நூலங்காடி நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. அப்பாஸியர் காலப் பக்தாதில் 'வர்ராக்' எனப்பட்டோர் நூல்களைப் படியெடுத்து விற்றனர். புகாரா நகரின் நூல் வணிகர் தெருவில் நிகழ்ந்த ஒன்றை இப்னு ஸீனா தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். (அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மறுத்துள்ளார்கள். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவர் வாங்கிய நூலின் செய்தியை மட்டுமே.) அரிஸ்டாட்டிலின் நூலொன்றை நாற்பது முறை படித்து, மனப்பாடமான பின்னும் பொருள் விளங்காமல் அவர் கைவிட்டிருந்தார். ஒருநாள் தரகர் ஒருவர் ஒரு நூலைக் கூவி விற்க, இவர் வேண்டாமென மறுத்தார். "உரியவருக்குப் பணமுடை, விலையும் மலிவு" என்று தரகர் வற்புறுத்தவே, மூன்று திர்ஹம் கொடுத்து வாங்கினார். அது அல்ஃபாராபி அந்நூலின் நோக்கத்தை விளக்கி எழுதியது. வீடு சென்று படித்தவுடன் எல்லாம் விளங்கிற்று. மறுநாள் ஏழைகளுக்கு நிறைய ஸதகா வழங்கினார். நம் உள்ளத்தில் தங்குவது இந்தக் கடைசிச் செய்திதான். மலிவு விலைக்குப் பின்னால் ஒருவரின் முடை இருந்ததல்லவா!

நம் மண்ணிலும் அத்தகையோர் இருந்தனர். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூற்கடைகளில் தேடித்தேடிச் சேர்த்தவை சுமார் ஒரு லட்சம். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு அமைந்த ஆராய்ச்சி நூலகம் தொடக்கத்தில் நம் பகுதிக்கு அண்மையிலுள்ள முகப்பேரில் இயங்கிற்று. இப்போது தரமணியில் உள்ளது.

முஸ்லிம்களாகிய நம்முடைய நிலை என்ன? நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ட, ண, ள போன்ற ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்டனர். அதுவே அரபுத்தமிழ். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் வஃபாத்தான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் ஃபிக்ஹு நூல் இவ்வெழுத்தில் அமைந்ததே. தமிழெழுத்துப் பயிலாத பெண்களும் இத்தகைய கிதாபுகளால் மார்க்கம் கற்றனர்.

இன்று அத்தகைய கிதாபு வீட்டுப் பரணிலிருந்து கீழே வந்தால் அதற்கு இரண்டே வழிகள். அரபி எழுத்தைக் கண்டு, குர்ஆனாயிருக்குமோ என அஞ்சிக் கண்ணியத்துடன் மண்ணில் அடக்கிவிடுகிறோம். அல்லது வீடு மாறும் அவசரத்தில் பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடுகிறது. பேணுதலால் அழிவது பாதி, அலட்சியத்தால் அழிவது பாதி. சிதைந்த முஸ்ஹஃபைத் தூய துணியில் சுற்றிக் கால்படாத இடத்தில் அடக்க மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் கையிலிருப்பது முஸ்ஹஃப்தானா என்று பார்க்க வேண்டாமா? அடக்கிய நூலை எந்த அங்காடியிலும் தேடிப் பெற இயலாது.

பார்ப்பதும் எளிது. அரபுத்தமிழ்க் கிதாபுகளில் பெரும்பாலும் ஸபர், ஸேர், பேஷ் இட்டிருப்பார்கள். மக்தபில் குர்ஆன் ஓதும் சிறுவனையோ சிறுமியையோ அழைத்து ஒரு வரியை எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் புரியாத அரபி என்று நினைத்து ஓதத் தொடங்கும் பிள்ளையின் வாயிலிருந்து தமிழ் வரும். வந்தால், முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டுங்கள். எழுதிய ஆலிமின் பெயர், அச்சிட்ட ஊர், ஹிஜ்ரி ஆண்டு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.