இரவல் ஊக்கம்

பரீட்சைக்கு முந்திய இரவில் உறக்கத்தை வெல்ல விரும்பாத மாணவர் எந்நாட்டிலும் இலர். கடுங்காப்பியும், முகத்தில் அடித்துக்கொள்ளும் குளிர்ந்த நீருமே நம்மில் பலருக்கு அன்று துணையாயிருந்தன. வைத்தியர் நோயாளிக்கென்று எழுதித் தரும் மருந்தை, நோயற்ற மாணவர் படிப்புக்காக உட்கொள்ளும் பழக்கம் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் வேரூன்றியிருக்கிறது. இது நேற்று முளைத்த வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்குத் தொண்ணூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு.

ஆம்ஃபெட்டமின் என்னும் ரசாயனப் பொருளை, லாசார் எடெலியானு என்ற ருமேனிய விஞ்ஞானி 1887இல் பெர்லினில் தயாரித்தார். அதன் பயனை அறிவாரின்றி நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1929இல் கார்டன் ஆலெஸ் என்னும் அமெரிக்க ரசாயன அறிஞர் அதைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1930களில் பிலடெல்பியாவிலிருந்த மருந்துக் கம்பெனி ஒன்று 'பென்சிட்ரின்' என்ற பெயரில் அதை முதலில் மூக்கடைப்புக்கு முகரும் மருந்தாகவும், பின்னர் மாத்திரையாகவும் விற்றது.

மினசோட்டா சர்வகலாசாலையின் மனோதத்துவப் பகுதியில் இம்மாத்திரையை மாணவரிடம் சோதித்துப் பார்த்தனர். உறக்கம் அகல்கிறது, மனம் கிளர்ச்சி கொள்கிறது என்ற செய்தி மாணவரிடையே பரவியது. பலர் மருந்துக் கடைகளில் அதை வாங்கி, பரீட்சைக் காலத்தில் உட்கொள்ளலாயினர். 1937இல் இது பத்திரிகைச் செய்தியாயிற்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழும் அவ்வாண்டே எச்சரித்தது.

அதே 1937இல், பிராவிடன்ஸ் நகரத்து வைத்தியரான சார்லஸ் பிராட்லி, நடத்தைக் கோளாறுள்ள 30 சிறுவருக்கு இதே மருந்தைக் கொடுத்தார். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். இவ்வாறு ஒரே ஆண்டில், ஒரே பொருள் நோயாளிக்கு மருந்தாகவும் நோயற்றவனுக்குக் குறுக்கு வழியாகவும் வெளிப்பட்டது. பின்னைய வரலாறு முழுவதும் இவ்விரு பாதைகளின் கதையே.

1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பானிசோன் என்பவர் மெத்தில்ஃபெனிடேட் என்ற மற்றொரு மருந்தை உருவாக்கினார். அவர் மனைவி ரீட்டாவின் பெயரைத் தழுவியே அது 'ரிட்டலின்' ஆயிற்று. 1971இல் அமெரிக்க அரசு இவ்வகை மருந்துகளைக் கடுங் கட்டுப்பாட்டில் வைத்தது. எனினும், கவனக் குறைவு நோய்க்காக ஒரு மாணவன் பெறும் மாத்திரை அறைத்தோழன் கைக்கு மாறுவதைச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை. 2001இல் 119 அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறத்தாழ 10,900 மாணவரிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு ஏழு பேர் வைத்தியர் சொல்லாமலே அதை ஒருமுறையேனும் உட்கொண்டதாகக் கூறினர். சேர்க்கைக்குப் போட்டி மிகுந்த கல்லூரிகளில் இப்பழக்கம் அதிகம். மதிப்பெண் குறைந்த மாணவரிடையேயும் அதிகம்.

இம்மாத்திரை அறிவைப் பெருக்குகிறதா? 2013இல் வெளியான பென்சில்வேனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியில், நலமுள்ள 46 பேருக்கு இம்மருந்தையும் வெற்று மாத்திரையையும் வெவ்வேறு நாளில் கொடுத்துச் சோதித்தனர். திறமையில் பெரிதாக ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் மருந்துண்ட நாளில் தாம் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினர். 2023இல் வெளிவந்த மெல்போர்ன் ஆராய்ச்சியில் 40 பேர் சிக்கலான கணக்குகளைத் தீர்க்க முயன்றனர். மருந்துண்டபோது அதிக நேரம் உழைத்தனர். உழைப்பின் தரமோ தாழ்ந்தது. இயல்பாக முன்னின்றவர் பலர் பின்தங்கினர்.

நோயுள்ளவர் வைத்தியரின் மேற்பார்வையில் உட்கொள்ளும்போது இவை நற்பயன் தரும் மருந்துகளே. அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மற்றவருக்கோ நித்திரை கெடும், இதயம் படபடக்கும், நாளடைவில் மருந்தின்றி இயலாத நிலையும் வரக்கூடும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இவ்விரண்டையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

இவற்றைத் தமிழில் 'ஊக்க மருந்து' என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லை எழுதும்போதெல்லாம் சிறு தயக்கம் உண்டாகிறது. வள்ளுவர் ஊக்கத்தை ஒருவனது உடைமை என்று கருதி, 'ஊக்கமுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். மாத்திரை தருவது இரவல். விடியுமுன் திருப்பித் தந்தாக வேண்டும். வீட்டை விட்டுத் தொலைதூர விடுதிகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு எழுதும்போது, மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், இரவில் நன்றாக உறங்குகிறாயா என்று ஒரு வரி கேட்போமாக.