கள்ளி மடல் குழம்பான கதை

மெக்சிகோ நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது மில்பா அல்தா. கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே, எரிமலை மண் பூமி. அங்கே சரிவுகளில் வரிசை பிடித்து நிற்பது நோபால் கள்ளி. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தம்; ஆனால் முள் குறைந்த செடிகளாகப் பார்த்துப் பார்த்துத் தலைமுறைகளாக வளர்த்தெடுத்த இனம். முற்றிய மடலை வெட்டி, வெட்டுவாய் உலர்ந்ததும் மண்ணில் செருகினால் வேர்பிடித்துவிடும். வரிசைகளுக்கு நடுவே மாட்டு எருவைக் கனமாகப் பரப்புகிறார்கள். தாய்மடலின் தலையில் துளிர்க்கும் இளமடல் உள்ளங்கை அளவைத் தாண்டியதும் கத்தி வந்துவிடும்.

எப்போது வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ருசி மாறும். கள்ளி பகலில் தன் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து, அமிலமாகச் சேர்த்துவைக்கும். மறுநாள் வெயிலில் அது செலவாகும். அதனால் விடியலில் வெட்டிய மடலில் புளிப்பு தூக்கலாக இருக்கும், பிற்பகல் மடலில் குறையும்.

வெட்டிய மடல் நாள்கணக்கில் தாங்காது. சந்தையில் பெண்கள் மடலை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் கத்தியைச் சாய்த்து ஓட்டி முள்கண்களைச் சீவுகிறார்கள். ஓரத்தை அரிந்து, சுத்தம் செய்த மடலாகவே விற்கிறார்கள்.

அதோடு சேரப்போகும் மிளகாய்க்கு இந்த அவசரமே கிடையாது. சாகதேகாஸ் போன்ற வடமாநில மேட்டுநிலங்களில் விளையும் மிராசோல் மிளகாய், செடியில் சிவந்து, பிறகு காய்ந்து, பளபளக்கும் தோலோடு ‘குவாஹியோ’ ஆகிறது. காரம் மிதம், நிறம் ஆழம். மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நம் சமையலறைக்கு வந்த மிளகாய்க்கும் பூர்வீகம் அந்தக் கண்டம்தான்.

இரண்டும் ஒரே சட்டியில் சேர்வதற்குத் தவக்காலம் நல்ல சாக்கு. கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாத நாற்பது நாள் அது. மடலைக் கீற்றாக நறுக்கி, வெங்காயம், பூண்டு, உப்போடு வேகவைக்கிறார்கள். வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு கிளம்பும். நன்றாகக் கொதித்ததும் வடித்து, தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

மிளகாயைக் காம்பு கிள்ளி, விதை உதறி, கொமால் என்னும் தட்டைக் கல்லில் வாட்டுகிறார்கள். மணம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். வெந்நீரில் ஊறவைத்து, தக்காளி, பூண்டு, கொஞ்சம் சீரகத்தோடு அரைத்து, தோல் திப்பி இல்லாமல் வடிகட்டி, சூடான எண்ணெயில் ஊற்றி நிறம் அடர்த்தியாகும் வரை வதக்குகிறார்கள். பிறகு வெந்த மடலும் உருளைக்கிழங்கும், நெடியடிக்கும் எபாசோதே கீரை ஒரு கொத்தும். தொட்டுக்கொள்ள, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தில் தட்டிய தோர்த்தியா. இறைச்சி இல்லாத குறை தெரியாததற்குக் காரணம், மடலின் புளிப்பும் மிளகாயின் ஆழமும் ஒன்றையொன்று தாங்குவதுதான்.

நோபால் சென்னைக்கும் வந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் அதற்கென்றே தோட்டம் போட்டார். சமைக்க அல்ல, கள்ளியில் வளரும் சாயப்பூச்சியிலிருந்து சிவப்பு எடுக்க. மடலைச் சமைக்கும் பழக்கம் நம்மிடம் பரவவில்லை.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் கை வைக்க வேண்டாம். அதன் பூமுட்கள் கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஏறும். உணவுக்கென வளர்த்த இளமடல் கிடைத்தால் மட்டும் அடுப்பைப் பற்றவையுங்கள்.