கேட்டுச் சொன்னவர்கள்

மலையகத்துக்கு இணையம் கைப்பேசியோடு வந்தது என்றே இன்றைய இளைஞர் பலர் எண்ணுகின்றனர். எங்கள் கினிகத்தேனையின் அயலிலே அது முதலில் வானொலியோடுதான் வந்தது.

மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட மக்களுக்காக, யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1981இல் மகாவலி சமூக வானொலியை ஆரம்பித்தது. அதன் வழிவந்ததே 1989இல் பிறந்த கொத்மலை வானொலி. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ இந்நிலையத்துக்கு இணைய இணைப்பு கிடைக்கச் செய்தது. கம்பளை, நவலப்பிட்டிப் பொது நூலகங்களிலும் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது.

அங்கு நடந்த நிகழ்ச்சியின் முறை எளிமையானது. நேயர்கள் தமக்குத் தெரியவேண்டியதைக் கேட்பார்கள். அறிவிப்பாளர் அதனை இணையத்தில் தேடுவார். நோயைப் பற்றிய கேள்வியானால் வைத்தியர் போன்ற ஒருவர் அருகிலிருந்து விளக்குவார். கணினியைக் கண்ணாலும் காணாத வீட்டுக்கு, ஆங்கிலத்திற் கிடந்த செய்தி ஊர் மொழியில் வந்து சேரும். 2001 ஜனவரியில் பல நாட்டவர் கொத்மலையிலே கூடி இம்முறையை ஆராய்ந்தனர். பின்னர் யுனெஸ்கோ ஏனைய வளர்முக நாடுகளில் அமைத்த சமூகப் பல்லூடக நிலையங்களுக்கு இதுவே முன்மாதிரி.

நம்மவர்க்கு இது புதிதுமல்ல. 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை வெளியிட்ட அறிஞர் சித்திலெப்பை செய்ததும் இதுவே. தூரதேசத்துச் சங்கதிகளைத் தெரிந்தெடுத்து, இங்குள்ளவனுக்கு விளங்கும் தமிழில் தந்தார். அச்சு இயந்திரம் வெறும் கருவி. இடையில் நின்ற மனிதரே பாலம்.

கொத்மலையின் குறையும் அந்த இடத்திற்றான் இருந்தது. நிலையத்தின் முதன்மை மொழி சிங்களம். சுற்றியிருந்த தோட்டத்து லயங்களிலும் கடைவீதிகளிலும் தமிழ் பேசியவர்களுக்கு அலை எட்டிய அளவுக்கு அறிவு எட்டவில்லை. கருவி பொதுவானாலும் கேட்டுச் சொல்பவரின் மொழி பொதுவாகிவிடுவதில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசிக்கு மாறின. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட லயத்து வீட்டில், வந்த பாடத்தை விளக்கிச் சொல்ல ஆளில்லை. தாய் கொழுந்து மலையில் நின்றாள். அன்று இணைப்பின்றி மனிதர் இருந்தனர். இன்று இணைப்பு இருந்தும் மனிதர் இல்லை.

தொலைக்கல்விக்குத் திட்டம் வகுப்போர் கோபுரங்களை எண்ணுவது போலவே, ஒவ்வொரு தோட்டத்திலும் தமிழில் கேட்டுச் சொல்ல எத்தனை பேர் உள்ளனர் என்பதையும் எண்ணவேண்டும். நமது வாசிகசாலைகளும் பள்ளிவாசல் மண்டபங்களும் அந்த வேலையை நாளையே ஆரம்பிக்கலாம்.