குரலில் நின்ற ஆட்டங்கள்



வரலாற்றுக்குரிய சான்றுகள் எவையெவை என்று வகுப்பில் வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டுப் பயணியர் குறிப்பு என்று வரிசையாக விடை வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரலாறு கற்பித்த எனக்கு அவ்வரிசை மனப்பாடம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி எழுதப் புகுவோர், மனிதக் குரலையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கல்வெட்டைப் பொறிப்பித்தவன் ஆற அமர எண்ணிப் பொறிப்பித்தான். விளையாட்டை வானொலியில் வருணிப்பவருக்கோ எண்ணிப் பார்க்க நேரமில்லை. கண் கண்டதை நா அக்கணமே சொல்லியாக வேண்டும். அத்தகைய குரல்கள் சிலவற்றை, சாட்சிகளை விசாரிப்பதுபோல் இன்று விசாரித்துப் பார்ப்போம்.

இத்தொழிலுக்கு முன்மாதிரியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1927 ஜனவரி 15 அன்று இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் நடந்த ரக்பி ஆட்டத்தை டுவிக்கன்ஹாம் மைதானத்திலிருந்து பி.பி.சி. ஒலிபரப்பியது. வருணித்தவர் டெடி வேக்லம். கண்ணுக்குத் தெரியாத மக்களை நோக்கிப் பேசுவது எங்ஙனம்? பார்வையிழந்த அன்பர் ஒருவரை அருகில் அமர்த்தி, அவருக்கு ஆட்டத்தை எடுத்துரைப்பதாக எண்ணிப் பேசுமாறு ஏற்பாடு செய்தனர். ஒரு வாரம் கழித்து ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைட்டெட் அணிகளின் கால்பந்து ஆட்டம். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்ட வரைபடம் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் வெளியாகியிருந்தது. வருணனையின் இடையே மற்றொருவர் கட்டத்தின் எண்ணைக் கூறுவார். நேயர்கள் படத்தில் அக்கட்டத்தைப் பார்த்துப் பந்தைத் தொடர்வர்.

ஆட்டத்தைக் காணாமலே வருணித்தவர்களும் உண்டு. 1938-இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடிய டெஸ்ட் ஆட்டங்களை, ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தார் சிட்னி நிலையத்தில் அமர்ந்தவாறே வருணித்தனர். இங்கிலாந்திலிருந்து சுருக்கக் குறிகளாலான தந்திகள் வரும். அவற்றை விரித்தெழுதிக் கையில் கொடுக்க, ஆலன் மக்கில்வ்ரே முதலியோர் எதிரில் ஆட்டம் நடப்பது போலவே பேசுவர். மட்டையில் பந்து படும் ஓசைக்கு மரக்கட்டையைப் பென்சிலால் தட்டுவர், கரவொலிக்கு இசைத்தட்டு. நேயர்கள் இதனை அறிந்தே நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து கேட்டனர். செய்தி மெய், ஓசை புனைவு. சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் படிக்கும்போது அந்தப் பென்சில் ஓசை என் செவியில் விழுவதுண்டு.

இனி, 1948 ஆகஸ்டு 14. இலண்டன் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தம் இறுதி டெஸ்டில் மட்டை பிடிக்க வருகிறார். எதிரணியினர் அவரைச் சூழ்ந்து நின்று மும்முறை வாழ்த்தொலி எழுப்புகின்றனர். எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாம் பந்திலேயே ஓட்டம் ஏதுமின்றி ஆட்டமிழந்து திரும்புகிறார். வானொலியில் இருந்தவர் ஜான் ஆர்லட். செய்தியை அறிவித்த அவர் அடுத்துக் கூறியது ஒரு வினா. இத்தகைய நிலையில் என்ன சொல்வது? பெரும் ஆட்டங்கள் பலவற்றை ஆடிய களத்தில், எதிரணியினரே சூழ்ந்து நின்று வாழ்த்திய மறுகணத்தில், பந்து ஒருவருக்குத் தெளிவாகத் தெரியுமா? தெரியவே தெரியாதோ? இதுவே அவர் கேட்டதன் சாரம்.

பிராட்மன் என்றதும் இன்று 99.94 என்னும் சராசரி நினைவுக்கு வருகிறது. இன்னும் நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் அது 100 ஆகியிருக்கும். ஆர்லட்டின் அப்பேச்சில் அந்த நான்கு ஓட்டங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்தார் கணக்குப் பார்த்துக் கொள்ளும் வருத்தத்தையும், அன்று நேரில் கண்டவர் கொண்ட இரக்கத்தையும் நாம் பிரித்தறிய முடிவது அந்த ஒலிப்பதிவு நின்றதனால்தான்.

ஒலிப்பதிவு நிற்பதும் நிற்காததும் பல வேளைகளில் தற்செயலே. 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கில், ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் என்னும் இரு பேஸ்பால் அணிகளுக்கிடையே முடிவாட்டம் நடைபெற்றது. தோற்கும் தறுவாயில் இருந்த ஜயன்ட்ஸ் அணிக்குப் பாபி தாம்சன் அடித்த ஓர் அடி 5-4 என்ற வெற்றியைத் தேடித் தந்தது. வருணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் பட்டம் வென்றது என்னும் ஒரே வாக்கியத்தை நான்கு முறை அடுத்தடுத்துக் கூவினார். அதனைப் பதிவு செய்து காக்க அந்த நிலையத்தில் ஒருவரும் இல்லை. புரூக்ளினில் வாழ்ந்த நேயர் ஒருவர், வேலைக்குப் புறப்படும்போது, ஆட்டத்தின் இறுதிப் பகுதியை ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து வைக்கும்படி தம் தாயிடம் சொல்லிச் சென்றிருந்தார். அந்த அன்னை விசையை அழுத்தியதால் அக்குரல் பிழைத்தது. ஆனால் நெடுங்காலம் வழங்கிய கதையோ வேறு: டாட்ஜர்ஸ் அபிமானி ஒருவர், ஹாட்ஜஸ் அழுவதைக் கேட்டு மகிழ எண்ணிப் பதிவு செய்தாராம்! சுவையான கதை மெய்யான கதையை எளிதில் வென்றுவிடுகிறது.

அந்த ஆண்டில் ஜயன்ட்ஸ் அணியினர் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடி வந்தனர் என்பது 2001-இல் செய்தித்தாள் ஒன்றில் விரிவாக வெளிவந்தது. ஹாட்ஜஸின் குரல் பொய்யாகிவிட்டதா? இல்லை. அவர் கண்டதைச் சொன்னார். மறைவில் நடந்தது அவர் கண்ணுக்கு எட்டவில்லை. சாட்சி எங்கே நின்றார், அங்கிருந்து அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேளாமல் எந்தச் சான்றையும் ஏற்கலாகாது.

இவ்வெல்லாவற்றினும் பெரிதாக நான் கருதுவது 1954 ஜூலை 4 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒலித்த குரல். உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். ஹங்கேரிக்கு எதிராக மேற்கு ஜெர்மனி. ஹங்கேரியோ நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத அணி. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இதே ஜெர்மனியை 8-3 என்று வீழ்த்தியிருந்தது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1950 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு இடமே அளிக்கப்படவில்லை. தொலைக்காட்சி சில வீடுகளில்தான் இருந்தது. நாடு வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தது.

எட்டு நிமிடங்களில் ஹங்கேரி இரண்டு கோல் அடித்தது. பதினெட்டாம் நிமிடத்திற்குள் ஜெர்மனி அவ்விரண்டையும் ஈடுசெய்தது. மழை கொட்டுகிறது. 84-ஆம் நிமிடம். வருணனையாளர் ஹெர்பெர்ட் சிம்மர்மன், பின்னாலிருந்து ரான் அடிக்க வேண்டும் என்கிறார். ரான் அடிக்கிறார் என்கிறார். பின்பு கோல், கோல், கோல், கோல் என்று கூவிவிட்டுச் சில வினாடிகள் வாயடைத்துப் போகிறார். அந்த மௌனத்தைக் கேட்டுப் பாருங்கள். வேக்லம் காலத்து இலக்கணப்படி அது பெருங்குற்றம். கண்ணாக இருக்க வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மௌனத்தில்தான் ஒரு நாட்டு மக்களின் நெஞ்சம் கேட்கிறது. ஆட்டம் முடிந்ததும், 'முடிந்தது' என்ற சொல்லையே மீண்டும் மீண்டும் சொல்லி, ஜெர்மனி உலக வெற்றியாளர் என்று அறிவித்தார். கோல் காவலர் டூரெக்கைக் 'கால்பந்துத் தெய்வம்' என்று ஆட்டத்தினிடையே புகழ்ந்ததற்காகச் சமயத்தார் சினந்தனர்; சிம்மர்மன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தொலைக்காட்சியில் அன்று வருணித்தவர் வேறொருவர். எனினும் எஞ்சியுள்ள படத்துடன் இன்று சேர்த்துக் காட்டப்படுவது சிம்மர்மனின் வானொலிக் குரலே.

ஆனால் அந்த நாள்களின் குரல் அது ஒன்றே எனக் கொள்ளலாகாது. அரங்கில் இருந்த ஜெர்மானியர் பலர், அரசு விழாக்களில் பாடாது விடப்பட்ட நாட்டுப்பண்ணின் முதற்பகுதியைப் பாடினர். இரண்டு நாள் கழித்து மியூனிக் நகரில் நடந்த வரவேற்பில், கால்பந்துச் சங்கத் தலைவர் பாவென்ஸ் பழைய ஆட்சியின் வாடை வீசும் சொற்களைப் பேசவே, பவேரிய வானொலி ஒலிபரப்பை இடையிலேயே நிறுத்திவிட்டது. நின்றுவிட்ட குரல் ஒன்று. நிறுத்தப்பட்ட குரல் மற்றொன்று. அக்காலத்து ஜெர்மனியை அறிய விரும்புவோர் இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்க வேண்டும்.

காண வேண்டியவர் காணாமல் போன ஆட்டமும் ஒன்று உண்டு. 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். பென்சில் ஓசையோடு பேசிப் பழகிய அதே மக்கில்வ்ரே, அப்போது ஆஸ்திரேலியாவிலேயே புகழ்மிக்க வருணனையாளர். 233 ஓட்டங்கள் தேவைப்பட்ட ஆஸ்திரேலியா 92 ஓட்டங்களுக்கு ஆறு பேரை இழந்தது. ஆட்டத்தில் இனிச் சுவையில்லை என்று கருதி, அவரும் முன்னாள் ஆட்டக்காரர் கீத் மில்லரும் விமானத்தைப் பிடிக்க முன்னதாகவே புறப்பட்டனர். சிட்னியில் இறங்கியபோதுதான், மேற்கிந்தியத் தீவுகளோடு ஆடிய அந்த ஆட்டம் இரு தரப்பும் ஓட்டக் கணக்கில் சமமாக முடிந்தது என்று அறிந்தனர். டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதல் முறை. இரண்டாம் முறை நிகழ்ந்தது நம் சென்னைச் சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பர் 22 அன்று. அன்று வருணனை அறையிலிருந்து யாரும் முன்னதாகப் புறப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.