ஜிசிசி தொகுப்பியில் பதிவக ஒதுக்கீடு: ‘ரீலோட்’ நீடித்த 26 ஆண்டுகள்

32 பிட் எக்ஸ்86 செயலியில் பொதுப் பதிவகங்கள் (ரெஜிஸ்டர்கள்) மொத்தம் 8. அவற்றில் ஒன்று அடுக்கின் உச்சியைக் காட்டவே போய்விடும். நிரலிலோ நூற்றுக்கணக்கான மதிப்புகள் இடம் கேட்டு நிற்கும். யாருக்குப் பதிவகம், யாரை நினைவகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதே பதிவக ஒதுக்கீடு. கட்டற்ற மென்பொருளான ஜிசிசி தொகுப்பியில் இந்த வேலை வளர்ந்த கதையை வரைபட நிறமிடலின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறமிடலின் மூலம் ஐபிஎம் நிறுவனத்தில் கிரெகரி சைட்டினும் உடன் பணியாற்றியோரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் (இன்னும் பயன்படவிருக்கும்) இரு மதிப்புகளுக்கிடையே கோடு போடு. கோட்டால் இணைந்தவற்றுக்கு வேறு வேறு நிறம் கொடு. நிறம் என்பது பதிவகம். ஒரு புள்ளிக்குப் பதிவக எண்ணிக்கையைவிடக் குறைவான அண்டைப் புள்ளிகளே இருந்தால், அதைக் கவலையின்றி ஒதுக்கி வைக்கலாம். கடைசியில் அதற்கு எப்படியும் ஒரு நிறம் மிஞ்சும். வரைபடங்களுக்கு நிறமிடுவதில் 1879இலேயே கெம்ப் கையாண்ட உத்தி இது. அப்படி ஒதுக்க எதுவும் அகப்படாதபோது சைட்டின் ஒரு மதிப்பை நினைவகத்துக்குத் தள்ளிவிடுவார். ரைஸ் பல்கலைக்கழகத்தின் பிரிக்ஸும் குழுவினரும் 1989இல் அந்த அவசரத்தைத் தவிர்த்தனர். ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம், பதிவகங்கள் இரண்டு. ஒவ்வொரு முனைக்கும் அண்டை இரண்டு என்பதால் சைட்டின் முறை கைவிரித்துவிடும். ஆனால் எதிரெதிர் முனைகளுக்கு ஒரே நிறம் தந்தால் எல்லாமே அடங்கிவிடும். முடிவைத் தள்ளிப்போட்டுப் பார், அவ்வளவுதான் திருத்தம்.

இந்த அழகான கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது: எல்லா நிறமும் ஒன்றுதான் என்ற அனுமானம். எக்ஸ்86இன் வழக்கமான கட்டளைகளால் ஓர் எண்ணின் பிட்டுகளை மாறும் அளவு நகர்த்த வேண்டுமானால், அந்த அளவு சிஎல் பதிவகத்தில்தான் இருக்க வேண்டும். வகுத்தலுக்கு ஈஏஎக்ஸும் ஈடிஎக்ஸும் தேவை. கட்டளைக்குக் கட்டளை மாறும் இத்தகைய நிபந்தனைகளை ஜிசிசியின் இயந்திர விவரக் கோப்புகள் பெரும்பாலும் ஒற்றை எழுத்துக் குறிகளால் பதிந்து வைத்திருக்கின்றன.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட முதல் ஜிசிசி வாக்ஸ், 68020 ஆகிய இரண்டு செயலிகளுக்குமே குறிமுறை தந்தது. பின்னர் நிலைத்த அமைப்பில் ஒதுக்கீடு மூன்று கட்டமாக நடந்தது. கிளைத்தல் இல்லாத ஒரே துண்டுக்குள் பிறந்து மடியும் மதிப்புகளுக்கு முதலில் இடம். மிஞ்சியவை முன்னுரிமை வரிசையில் நிற்கும்: அடிக்கடி பயன்பட்டு, குறுகிய காலம் வாழ்பவை முன்னே. இது தொகுப்பி ஆய்வாளர் ஃப்ரெட் சௌவின் வழியில் வந்த முறை. மூன்றாவது கட்டம் ‘ரீலோட்’.

நிபந்தனைகள் நிறைவேறாத கட்டளைகளைச் சரிசெய்வது ரீலோடின் பொறுப்பு. எந்த மதிப்புக்கு எந்த வகைப் பதிவகம் உகந்தது என்று முன்கூட்டியே கணித்திருந்தாலும், கடைசிச் சொல் ரீலோடுடையதே. தேவைப்பட்டால் முந்தைய கட்டம் கொடுத்த பதிவகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதுவும் முடியாதபோது, நினைவகத்துக்குத் தள்ளப் பதிவகம் அகப்படவில்லை என்ற பிழைச்செய்தியோடு தொகுப்பியே நின்றுவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு செயலிக்கான பகுதியும் ரீலோடின் போக்கை அனுசரித்தே எழுதப்பட்டிருந்தது. அதைத் தொட்டால் எல்லாச் செயலிகளும் ஆட்டம் காணும்.

எனவே மாற்று முயற்சிகள் தடுமாறியதில் வியப்பில்லை. மைக்கேல் மாட்ஸின் நிறமிடும் ஒதுக்கி 3.x பதிப்புகளில் தனித் தேர்வாக இருந்தது. ஆவணமோ அது சோதனைக்கு மட்டுமே என எச்சரித்தது. பின்னர் நீக்கப்பட்டது. ரெட் ஹேட்டின் விளாடிமிர் மக்காரோவ் 2005இல் ‘யாரா’ என்ற ஒதுக்கியை முன்வைத்தார். அதுவும் தொகுப்பியில் நிலைபெறவில்லை. அவருடைய அடுத்த படைப்பான ஐஆர்ஏ 2009இல் ஜிசிசி 4.4இல் இடம்பெற்றது. முதல் இரு கட்டங்களையும் ஒன்றாக்கி, நிரலைக் கண்ணிகளின் (லூப்) அடிப்படையில் வட்டாரங்களாகப் பிரித்து, பிரிக்ஸ் வழியில் நிறமிட்டது. ரீலோடைத் தூக்கி எறியாமல், அதோடு கலந்து பேசிக்கொண்டது. என் பார்வையில் அந்தச் சமரசமே ஐஆர்ஏவைக் காப்பாற்றியது.

மற்றொரு தொகுப்பியான எல்எல்விஎம் இந்தப் பாதையில் வரவில்லை. அது நேர்கோட்டு வருடல் முறையிலிருந்து 2011இல் ‘கிரீடி’ ஒதுக்கிக்கு மாறியது. மதிப்புகளின் வாழ்நாளைத் துண்டாக்குவதே அதன் பலம்.

ஜிசிசியில் ரீலோட் விலகும் முறை 2013இல்தான் வந்தது. 4.8ஆம் பதிப்பில் மக்காரோவின் புதிய ஒதுக்கியான எல்ஆர்ஏ அதை அகற்றியது, அப்போதும் எக்ஸ்86 குடும்பத்துக்கு மட்டும். வெளியீட்டுக் குறிப்பே ரீலோடின் வயதை 26 என்று பதிந்தது. ரீலோட் தன் முடிவுகளைத் தனி அட்டவணைகளில் வைத்திருந்தது. எல்ஆர்ஏ ஒவ்வொரு திருத்தத்தையும் இடைநிலை மொழியிலேயே எழுதி, நிபந்தனை சரிபார்ப்பு, ஒதுக்கீடு, வெளித்தள்ளல் எனச் சிறு சுற்றுகளை மாற்றம் ஓயும்வரை ஓட்டுகிறது. வேறு பல செயலிகள் பின்னர் ஒவ்வொன்றாக மாறின.

2015இல் ஜிசிசி 5 வந்தபோது இன்னொரு வேலி விழுந்தது. இடம்சாராக் குறிமுறைக்கென ஈபிஎக்ஸ் பதிவகத்தைப் பூட்டியே வைத்திருந்த வழக்கம் 32 பிட் எக்ஸ்86இல் நின்றது. எட்டில் ஒன்று ஒதுக்கிக்குத் திரும்பக் கிடைத்தது.