ரோஜர் கானர்

ரோஜர் கானர் (ஜூலை 1, 1857 – ஜனவரி 4, 1931) ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள வாட்டர்பரி நகரில் பிறந்த அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். ஒரே அடியில் நான்கு தளங்களையும் சுற்றிவந்து எடுக்கும் ஓட்டம் ஹோம் ரன் எனப்படும். 1880 முதல் 1897 வரை ஆடிய இவர் 138 ஹோம் ரன்கள் அடித்தார்.

சாதனை

மூன்று தளங்களிலும் சக வீரர்கள் நிற்கையில் அடிக்கப்படும் 'கிராண்ட் சிலாம்' எனும் ஹோம் ரன்னை முதன்மைக் கூட்டமைப்பு ஆட்டங்களில் முதன்முதலில் அடித்தவர் இவரே (1881). இவரது 138 என்ற எண்ணிக்கையை 1921இல் பேப் ரூத் கடந்தார். பழைய ஆட்டக் கணக்குகள் அப்போது முழுமையாகத் தொகுக்கப்படாமையால், ஒரு சாதனை முறியடிக்கப்பட்டதை எவரும் அறியவில்லை. கானர் அப்போது உயிருடன் இருந்தார். இறந்தபின் இவரது கல்லறை 2001 வரை பெயர்க்கல் இன்றிக் கிடந்தது. 1976இல் இவர் அடிபந்தாட்டப் புகழவையில் சேர்க்கப்பட்டார்.

கையொப்பங்கள்

புகழவைக்கான முதல் தேர்தல் 1936இல் நடைபெற்றது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே கானர் இறந்துவிட்டார். இவரிடம் கையொப்பம் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும் என எண்ணியோர் மிகச் சிலரே. எனவே இவர் கையொப்பமிட்ட பொருட்கள் மிக அரியவை. புகழவை வீரர்கள் அனைவரின் கையொப்பங்களையும் திரட்ட முயல்வோருக்கு இவரது கையொப்பம் கிடைப்பது கடினம். 1880களில் 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டுடன் வழங்கப்பட்ட இவரது ஒளிப்பட அட்டைகளையும் சேகரிப்பாளர்கள் நாடுகின்றனர்.